அறுபதுக்கு மேல் கோல்ஃப்: கருவி, அப்பியாசம், டெலிவிஷன்

(டில்லி கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் சர்க்கரை வியாதி பற்றியும், அதற்கு முந்தைய கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றியும் விஷயம் தெரிந்தவர்கள் பேசினார்கள். இந்தத் தடவை கொஞ்சம் லேசாக இருக்கட்டும் என்று காரியதரிசி என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள்தான் கோல்ஃப் ஆடுகிறவராச்சே, அதைப் பற்றி அரை மணி பேசிவிடுங்கோ" என்றார். லேசான விஷயம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதை நான் கலைக்க விரும்பவில்லை.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் முப்பத்துநாலு வருஷம் இன்ஜினீயராகக் குப்பை கொட்டியவன். வயது எழுபத்தொன்று. என் ஹாண்டிகேப் 22. பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பதினெட்டு குழிகளை 72 அடியில் முடிக்க வேண்டும் என்று மைதானம் எதிர்பார்த்தால், நான் நன்றாக ஆடும் நாளில் ஏறக்குறைய 94 அடியில் முடிப்பேன் என்று அர்த்தம். நன்றாக ஆடும் நாளில் என்பதைக் கவனிக்க வேண்டும். 2020-இல் உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரி ஹாண்டிகேப் முறை வந்தது. அதில் கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். மற்ற பன்னிரண்டைப் பெருந்தன்மையோடு மறந்துவிடுகிறார்கள். நம் வீட்டில் யாரும் நம்மை இப்படி மதிப்பிடுவதில்லை.

கோல்ஃப் என்றதும் பணக்காரர் விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது முழுக்கத் தப்பும் இல்லை. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் ஆரம்பித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிட மூத்த கிளப் கிடையாது. அப்பா மனுப் போட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கிற கிளப்புகள் இன்றும் இருக்கின்றன. நான் வந்தது வேறு வாசல் வழியாக. ஃபாக்டரி டவுன்ஷிப்புகளிலும் கன்டோன்மென்ட்டுகளிலும் ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கும். தண்ணீர் பஞ்சத்தில் 'க்ரீன்' வளர்க்க முடியாது. அதற்குப் பதில் 'ப்ரௌன்', அதாவது எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தரை. பந்தைக் குழிக்குள் தட்டுவதற்கு முன் ஒரு கட்டையை இழுத்து மணலைச் சமப்படுத்த வேண்டும், கோலம் போடுமுன் வாசல் தெளிக்கிற மாதிரி. அங்கே கற்றுக்கொண்டவர்கள் நம் அங்கத்தினர்களிலேயே பல ஊர்களில் இருப்பார்கள். டில்லியில் 2000-இல் டி.டி.ஏ. லாடோ சராயில் குதுப் கோல்ஃப் கோர்ஸைத் திறந்தது. பணம் கட்டினால் யாரும் ஆடலாம். ரிடையரான பிறகு என் ஆட்டமெல்லாம் இந்த மாதிரிப் பொது மைதானங்களில்தான்.

இப்போது கருவி விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி ஒருவர் பையில் பதினாலு கிளப் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் நீளமானது, தலை பெருத்தது, விலை அதிகமானது டிரைவர். எங்கள் காலத்தில் அது நிஜமாகவே மரக்கட்டை. 1979-இல் டெய்லர்மேட் கம்பெனி உலோகத் தலை வைத்து விற்க ஆரம்பித்தது. 1991-இல் காலவே 'பிக் பெர்த்தா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதல் உலகப் போர் பீரங்கியின் பெயர் அது. அன்றைக்குப் பூதாகாரமாகத் தெரிந்த அந்தத் தலையின் கொள்ளளவு 190 சி.சி.தான். இன்று சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 460 சி.சி. எல்லாக் கம்பெனியும் அந்த வரம்பைத் தொட்டாகிவிட்டது. முகத்தகட்டின் துள்ளலுக்கும் வரம்பு உண்டு, அதையும் தொட்டாகிவிட்டது. இருந்தும் வருஷா வருஷம் புது மாடல், போன வருஷத்தைவிடப் பத்து கெஜம் கூடப் போகும் என்று விளம்பரம். அந்தப் பத்துகளையெல்லாம் கூட்டினால் என் பந்து இந்நேரம் ஃபரீதாபாத்தில் விழ வேண்டும்.

ஐயன் சமாசாரம் இன்னும் வேடிக்கை. கடையில் புது ஏழாம் நம்பர் ஐயனைக் கையில் கொடுத்து அடிக்கச் சொல்வார்கள். உங்கள் பழைய ஏழாம் நம்பரைவிடப் பதினைந்து கெஜம் தள்ளிப் போய் விழும். உடனே பர்ஸைத் திறக்கத் தோன்றும். ஒரு நிமிஷம் பொறுத்து அதன் 'லாஃப்ட்' என்ன என்று கேளுங்கள். முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஏழாம் நம்பர் 36 டிகிரி அல்லது அதற்கு மேல். இன்று தூரத்துக்கென்றே விற்கிற ஏழாம் நம்பர் 28-லிருந்து 30 டிகிரி. பழைய கணக்கில் அது ஐந்தாம் நம்பர். அடியில் பொறித்த எண் மட்டும் மாறியிருக்கிறது. கம்பெனிக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும்: எடையைத் தலையின் கீழ்ப்பக்கம் இறக்கியிருப்பதால் குறைந்த சாய்விலும் பந்து உயரமாகக் கிளம்புகிறது, அது நல்ல இன்ஜினீயரிங்தான். ஆனால் இப்படி எல்லா எண்ணையும் நிமிர்த்திவிட்டதில் பிட்ச்சிங் வெட்ஜ் 44 டிகிரிக்கு வந்துவிட்டது. அடுத்த ஸாண்ட் வெட்ஜோ 56-லேயே நிற்கிறது. நடுவில் பள்ளம். அதை நிரப்ப 'கேப் வெட்ஜ்' என்று இன்னொன்றை விற்கிறார்கள்.

வயதானவர்களுக்கு உண்மையாக உதவுகிறவை விளம்பரத்தில் அதிகம் வருவதில்லை. எஃகுத் தண்டுக்குப் பதில் லேசான கிராஃபைட் தண்டு. ஒன்பது டிகிரி டிரைவரைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு டிகிரி டிரைவர். வேகம் குறைந்தவர்களுக்குச் சாய்வு கூடினால்தான் பந்து ஆகாசத்தில் நிற்கும். மூன்றாம், நாலாம் நம்பர் ஐயனுக்குப் பதில் ஹைபிரிட். விரல் மூட்டு வலிப்பவர்களுக்குப் பருமனான பிடி. இருக்கிற கிளப்பிலேயே மாற்றித் தருவார்கள், சொற்பச் செலவு. எல்லாவற்றையும்விட முக்கியம் மூக்குக்கண்ணாடி. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தால், படிக்கிறதற்காக வைத்த கீழ்ப்பகுதி வழியாகத்தான் பந்து தெரியும், மங்கலாக. தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று தலை தன்னையறியாமல் தாழும். தலை தாழ்ந்தால் அடி தரையில். தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக்கண்ணாடி ஒன்று ஆட்டத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். என் டிரைவர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அது செய்த உபகாரம் டிரைவர் செய்யவில்லை.

எங்கள் செட்டில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், டில்லிப் பனியானாலும் சரி, ஜூன் வெய்யிலுக்கு முன் அஞ்சு மணியானாலும் சரி. அதில் ஒருவர் நம்மவர், பெயர் வேண்டாம். உத்தியோகத்தில் ரொம்பப் பெரிய இடத்தில் இருந்தவர், வாலிபத்தில் 240 கெஜம் அடித்தவர். அறுபத்தைந்துக்கு மேல் அது 190 ஆனது. அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு வருஷத்தில் மூன்று டிரைவர் வாங்கினார், மூன்றிலும் டெலிவிஷன்காரர்கள் போடுகிற மாதிரி விறைப்பான தண்டு. ராத்திரி முழுக்க டோர்னமென்ட் பார்ப்பார். காலையில் வந்து அந்த அமெரிக்கப் பையன்கள் முறுக்குகிற மாதிரி இடுப்பை முறுக்குவார். மூன்றாவது டிரைவர் வந்த நாலாம் மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் படுக்கை. குணமானதும் டாக்டர், "ஆடலாம், ஆனால் முறுக்காமல் ஆடுங்கள்" என்றார். முன்னால் இருக்கிற சிவப்பு டீயிலிருந்து ஆடலாமே என்று நான் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ஓய், பொம்மனாட்டிகள் அடிக்கிற இடத்திலேர்ந்து என்னை அடிக்கச் சொல்றீரா? அதுக்கு ஆத்திலேயே உக்காண்டு டிவி பார்த்துடறேன்." அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் பிள்ளையோடு இருக்க அமெரிக்கா போய்விட்டார். இப்போது நானும் ஒரு சர்தார்ஜியும்தான் மிச்சம்.

இதில் டெலிவிஷனுக்கு எவ்வளவு பங்கு என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நானும் அதற்கு அடிமைதான். ஸ்டார் டிவி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். 1997-இல் டைகர் உட்ஸ் இருபத்தொரு வயதில் மாஸ்டர்ஸைப் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்ததையெல்லாம் பார்த்தவன். மாஸ்டர்ஸ் கடைசி நாள் ஆட்டம் நமக்குத் திங்கள் விடியற்காலையில்தான் முடியும். காபி போடுகிற நேரம் வரை முழித்திருந்து ஆபீஸ் போனதுண்டு. பிரிட்டிஷ் ஓபன் சௌகரியம். நம் சாயங்காலத்தில் வரும்.

டெலிவிஷன் காட்டுவது பொய்யில்லை. ஆனால் அது பொறுக்கியெடுத்த உண்மை. மைதானத்தில் எழுபது எண்பது பேர் ஆடுகிறார்கள். காமிரா முன்னணியில் இருக்கிற பத்துப் பேர் பின்னாலேயே போகிறது. அவர்கள் ஏன் முன்னணியில் இருக்கிறார்கள்? அந்த வாரம் அவர்களுக்கு எல்லாம் குழிக்குள் விழுகிறது, அதனால். ஐம்பதாவது இடத்துக்காரர் தவறவிட்டதை யாரும் காட்டுவதில்லை. இருபது அடியிலிருந்து தட்டினால் விழும் என்று நம் மனதில் பதிந்துவிடுகிறது. உண்மைக் கணக்கு இது: அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் ஆடும் உலகத்தின் மிகச் சிறந்தவர்களே எட்டு அடி தூரத்திலிருந்து பாதிக்குப் பாதிதான் குழியில் போடுகிறார்கள். இருபது அடி என்றால் ஏழு தடவைக்கு ஒன்று. இது தெரிந்த பிறகு எட்டு அடியில் தவறவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். சர்தார்ஜி இன்னும் விடவில்லை.

இன்னொன்று வேகம். அந்த ஆண்கள் டிரைவரைச் சுழற்றும் வேகம் சராசரியாக மணிக்கு 113 மைல் சுமார். நம்மில் அறுபதைத் தாண்டியவர்கள் எண்பதைத் தொட்டால் பெரிய காரியம். திரையில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருக்கும், பந்து போகிற வழியில் கலர் கோடு வேறு போட்டுக் காட்டுவார்கள். அவர்களுடைய தண்டு, அவர்களுடைய பந்து, அவர்களுடைய முறுக்கு எல்லாம் அந்த 113-க்காக அமைந்தவை. எண்பதில் சுற்றுகிறவர் அதை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று என் சிநேகிதரின் முதுகு சொல்லும்.

அதனால் டெலிவிஷன் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. யாரைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. எனக்குக் கிடைத்த பதில்: பெண்கள் கோல்ஃப் பாருங்கள். அமெரிக்க எல்.பி.ஜி.ஏ. டூரில் ஆடும் பெண்களின் சராசரி வேகம் 94 மைல் அளவில். சாதாரண ஆண் அமெச்சூரின் வேகமும் கிட்டத்தட்ட அதுதான். ஏழாம் நம்பர் ஐயனால் அவர்கள் பந்தை ஆகாசத்தில் 140 கெஜம் கொண்டுபோகிறார்கள். டூர் ஆண்கள் 170-க்கு மேல். அவர்களுடைய கணக்குகள் நம்முடைய கணக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நம் கைக்கு எட்டுகிற வேகத்தில் என்னவெல்லாம் சாதிக்கலாம் என்பதை அவர்கள்தான் காட்டுகிறார்கள்.

2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி சனிக்கிழமை இந்த நாட்டில் கோல்ஃபைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட விடியற்காலையில் டெலிவிஷனைப் போட்டார்கள். எங்கள் ஆத்து மாமியும் பார்த்தாள், நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக. கோவிடால் ஒரு வருஷம் தள்ளி நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். உலகத் தரவரிசையில் அப்போது 200-ஆவது இடம். சில மாதங்களுக்கு முன்தான் கோவிட் வந்து உடம்பில் சக்தி குறைந்து, அடிக்கிற தூரமும் குறைந்திருந்தது. பை தூக்கி வந்தது அவளுடைய அம்மா. (பை தூக்குபவருக்குக் 'கேடி' என்று பெயர். நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் கேடி லிஸ்ட் என்றால் வேறு என்பதால் அந்த அம்மாளுக்கு இந்த வார்த்தையைப் போட மனசு வரவில்லை.) கூட ஆடிய அமெரிக்காவின் நெல்லி கோர்டாவின் பந்து எங்கேயோ முன்னால் கிடக்கும். அதிதி பின்னாலிருந்து ஹைபிரிட்டை எடுப்பாள். க்ரீனில் சேர்த்த பிறகு புட்டர் பேசும். நாலு நாளில் 269 அடி. கோர்டாவுக்கு 267, தங்கம். அதிதிக்கு நாலாவது இடம், ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று. நடுவில் இடி மழையால் ஆட்டம் நின்றபோது நான் கற்பூரம் ஏற்றப் போய்விட்டேன்.

அவ்வளவு குறைந்த தூரத்தை வைத்துக்கொண்டு உலகத்தின் முதல் நாலுக்குள் வர முடிகிறதே என்று அன்றைக்கே என் சிநேகிதருக்கு போன் பண்ணினேன். "பாத்தேன் ஓய், பிரமாதம்" என்றார். டீ விஷயம் பேசவில்லை.

டெலிவிஷனிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க இன்னொன்று காலப்பிரமாணம். ஜான் நோவோசெல் என்ற அமெரிக்கர் ஆட்டக்காரர்களின் வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக எண்ணினார். 2004-இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். கிளப்பைப் பின்னால் தூக்குவதற்கு 27 ஃப்ரேம் ஆனால் இறக்கிப் பந்தைத் தொடுவதற்கு 9. வேறொருவருக்கு 24, 8. இன்னொருவருக்கு 21, 7. வேகம் ஆளுக்கு ஆள் மாறினாலும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மாறவில்லை. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. மூன்று எண்ணிக்கை மேலே, நாலாவதில் பந்து. கற்றுக்குட்டிகளில் அநேகம் பேர் இழுத்து இழுத்துத் தூக்குவார்கள், அல்லது பறித்துக்கொண்டு ஓடுவார்கள். டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தொடையில் தட்டிப் பாருங்கள். செலவே இல்லாத அப்பியாசம்.

அப்பியாசம் என்றதும் கிளப்பில் எல்லோரும் ஒரு குரலாகச் சொல்வது, "புட்டிங் பண்ணு, புட்டிங்தான் எல்லாம்." நானும் பல வருஷம் அதை வேதவாக்காக நினைத்தேன். கொலம்பியா யூனிவர்சிடி புரொபசர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளைக் கணக்குப் போட்டு 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு நூறு கெஜத்துக்கு வெளியே அடிக்கிற அடிகளில் வருகிறது, மீதிதான் சின்ன ஆட்டத்தில் என்கிறார். இதைக் கேட்டதும் பார்த்தாயா, தூரம்தான் முக்கியம் என்று டிரைவர் வாங்க ஓட வேண்டாம். எங்கள் வயதில் நூறு கெஜத்துக்கு வெளியே நாங்கள் இழப்பது வேகத்தால் மட்டுமல்ல. தலையைச் சொறிந்துவிட்டு உருள்கிற பந்து, எல்லைக்கு வெளியே போகிற பந்து, புதரில் தேடுகிற பந்து, இவற்றால். முகத்தின் நடுவில் பட்டால் என் 80 மைல் வேகத்துக்கே 190 கெஜம் போகும். ஒரு விரற்கடை தள்ளிப் பட்டால் 160. இதற்கு ஒரு வழி: வொயிட் போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகத்தில் எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். முதல் நாள் என் கிளப் முகம் அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் புள்ளிகள் நடுவுக்கு நகர்ந்தன. ஹாண்டிகேப் 26-லிருந்து 22-க்கு வந்தது அப்படித்தான்.

நீளம் இல்லாமல் ஜெயிப்பதற்கு டில்லியிலேயே சாட்சி இருக்கிறது. டில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி கோர்ஸில் பழைய சமாதி மண்டபங்களும் மயில்களும் புதர்களுமாக வழி குறுகலாக இருக்கும். பெரிய பெரிய புரொபஷனல்களே அங்கே டிரைவரைப் பையிலிருந்து எடுக்கத் தயங்குவார்கள். அங்கே 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயித்தவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தாவில் க்ரீன்கீப்பராக இருந்தவரின் பிள்ளை, நீளத்துக்குப் பெயர் போனவர் இல்லை. அதற்கு முன் 1991-இல் இந்தியன் ஓபனை ஜெயித்த முதல் இந்தியப் புரொபஷனல் அலி ஷேர், டில்லியில் பை தூக்கி வளர்ந்தவர்.

கடைசியாக அந்தச் சிவப்பு டீ. 2011-இல் அமெரிக்காவில் 'டீ இட் ஃபார்வர்டு' என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள், முன்னால் வந்து ஆடுங்கள் என்று. யோசனை பார்னி ஆடம்ஸ் என்பவருடையது. அவர் கோல்ஃப் கிளப் செய்து விற்கிற கம்பெனியை நிறுவியவர்! தூரத்தை விற்றவரே மைதானத்தைச் சுருக்குங்கள் என்றார். அவர்கள் கணக்குப்படி, டிரைவரால் 200 கெஜம் அடிக்கிறவருக்குப் பொருத்தமான மைதானத்தின் மொத்த நீளம் 5,200-லிருந்து 5,400 கெஜம். பின் டீயிலிருந்து 6,700, 6,800 என்று ஆடுகிற நம்மவர்கள் தங்களுக்கு உரியதைவிட ஆயிரத்து நானூறு கெஜம் அதிகமாக நடக்கிறார்கள், திட்டிக்கொண்டே.

நான் இரண்டு வருஷமாகச் சிவப்பு டீயிலிருந்துதான் ஆடுகிறேன். சர்தார்ஜி முதலில் சிரித்தார், மூன்றாம் வாரம் தானும் வந்துவிட்டார். சில மைதானங்களில் பெண்கள் டீ, ஆண்கள் டீ என்ற பெயரையே எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் சொல்கிறார்கள். அது எல்லா இடத்திலும் வந்தால் என் சிநேகிதருக்கும் சுலபமாக இருக்கும். அவருக்கு இந்தப் பேச்சின் பிரதி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் ஸ்லாட் ஞாயிறு காலை ஆறு பத்துக்கு, எங்களோடேயே, இன்னும் எழுதித்தான் வைத்திருக்கிறோம்.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் யாராவது இருந்தால் புது செட் வாங்க வேண்டாம். ஆறு கிளப் போதும். என் பழைய செட் லாஃப்டில் சும்மா கிடக்கிறது (வீட்டுப் பரண் லாஃப்டைச் சொல்கிறேன்). ஏழாம் நம்பரில் நிஜமான 36 டிகிரி. வேண்டியவர்கள் காபிக்குப் பிறகு என்னிடம் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். இடது கைக்காரர்களுக்கு மட்டும் உபயோகப்படாது.